கோரிக்கை மனு: செந்தூல் சமூக மண்டபத்தை வார இறுதியில் அகதிக் குடும்பங்களின் வகுப்புக்குத் தர வேண்டி

அனுப்புநர்: செந்தூல் வட்டாரக் குடியிருப்பாளர்கள், கோலாலம்பூர்
பெறுநர்: டத்தோ பண்டார் (மேயர்) அவர்கள், கோலாலம்பூர் மாநகர் மன்றம்

மதிப்பிற்குரிய டத்தோ பண்டார் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வட்டார அடுக்குமாடிகளில் இலங்கைத் தமிழ் அகதிக் குடும்பங்கள் சில வாழ்கின்றன. ஐ.நா. அகதிகள் ஆணையம் இவர்களை அகதிகளாக ஏற்று அண்மையில்தான் அட்டை கொடுத்தது. யுஎன் கார்டு வந்துவிட்டது, இனி கவலையில்லை என்று அக்கம்பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். அதுவரை அரிசியும் பால்மாவும் கொடுத்தவர்கள்கூடக் கையை இழுத்துக்கொண்டார்கள்.

உண்மையில் செலவு கூடுவதே அதன் பிறகுதான். இடம் கொடுத்த உறவினர் தனி வீடு பார்க்கச் சொல்கிறார். வீட்டுக்காரர் இரண்டு மாத முன்பணம் கேட்கிறார். மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு. கார்டு இருந்தாலும் சட்டப்படி வேலைக்குப் போக முடியாது. கிடைப்பது உணவுக்கடையில் தட்டு, மங்கு கழுவும் வேலைதான். முதலாளி சம்பளத்தைப் பிடித்துக்கொண்டால் யாரிடம் போய்ச் சொல்வது? பக்கத்திலேயே தமிழ்ப்பள்ளி இருந்தும் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி கழிவு உண்டு, அது பெரிய உதவிதான். ஆனால் நாம் 1 ரிங்கிட் கட்டும் வெளிநோயாளர் சிகிச்சைக்கு அந்தப் பாதியே பல மடங்கு.

சரி, இவற்றை மாற்றுவது மாநகர் மன்றத்தின் கையில் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். நாங்கள் கேட்பது ஒரு மண்டபம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர் வார இறுதிகளில் ஒரு வீட்டின் வரவேற்பறையில் மலாயும் கணக்கும் சொல்லித் தருகிறார்கள். மலாய்க்குத்தான் அதிக ஆள். போலீஸ் நிறுத்திக் கேட்டால் பதில் சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரி கவுண்டரில் நோயைச் சொல்ல வேண்டும். அதனால் அப்பா அம்மாவும் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். இடம் போதவில்லை. சத்தம் தாங்கவில்லை என்கிறார் மேல் மாடிக்காரர், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

எனவே சனி, ஞாயிறு காலைகளில் சமூக மண்டபத்தை வாடகையின்றியோ குறைந்த வாடகைக்கோ தந்துதவ வேண்டுகிறோம். வகுப்பு மன்றத்தின் அனுமதியோடு நடக்கிறது என்று ஒரு கடிதமும் வேண்டும். வழியில் யாராவது விசாரித்தால் காட்ட அது உதவும். அந்தப் பயத்திலேயே பாதிப் பேர் வீட்டை விட்டு இறங்குவதில்லை.

பொறுப்பாளர்களின் மைகார்டு (அடையாள அட்டை) நகல்களைத் தருகிறோம். மின்கட்டணம் எங்களுடையது, மாதம் ஒருமுறை எல்லாரும் கூடி கோத்தோங் ரோயோங் வைத்து மண்டபத்தைச் சுத்தம் செய்வோம். வருபவர்களின் பெயர்ப் பட்டியலை மட்டும் கேட்க வேண்டாம். பட்டியல் என்றாலே ஒருவரும் வர மாட்டார்கள்.

எங்களில் சிலர் அந்நாளில் ரயில்வே வேலைக்காக இலங்கையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயிலை எழுப்பியதும் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள்தான். ஆகவே இதை வெளியார் காரியமாக நாங்கள் பார்க்கவில்லை.

முடிவெடுக்கும் முன் அதிகாரி ஒருவரை அனுப்பி வகுப்பைப் பார்க்கச் சொன்னால் மகிழ்வோம். எந்தச் சனிக்கிழமை காலையிலும் வரலாம்.

இப்படிக்கு,
செந்தூல் வட்டாரக் குடியிருப்பாளர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)