மூளையில் தேங்கும் கொழுப்பு: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

மரபணுப் பரிசோதனையில் உனக்கு, அல்சைமர் என்னும் மறதிநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் ஏபிஓஈ (APOE) மரபணுவின் ஈ4 வகை ஒரு படி (பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்த ஒரு பிரதி) இருப்பதாகத் தெரியவந்ததையும், அன்றிலிருந்து கொழுப்புள்ள உணவு எதையும் நீ தொடுவதில்லை என்பதையும் எழுதியிருந்தாய். முதல் செய்தியைவிட இரண்டாவதுதான் என்னை உடனே எழுத உட்கார வைத்தது.

அல்சைமர் நோயில் மூளைச் செல்களுக்குள் கொழுப்பு சேர்கிறது என்று படித்ததும், உண்ட கொழுப்பு நேரே அங்கே போய்த் தங்குவதாக எண்ணிவிட்டாய் போலும். இரத்தத்தில் ஓடும் கொலஸ்டிரால் என்னும் கொழுப்பு பெரும்பாலும் மூளைக்குள் நுழைவதில்லை. தனக்கு வேண்டியதை மூளை தானே ஆக்கிக்கொள்கிறது. வளர்ந்தவர்களின் மூளையில் அதில் பெரும்பங்கை ஆக்கி நரம்பணுக்களுக்கு அனுப்புபவை ஆஸ்ட்ரோசைட் என்னும் துணைச் செல்கள். அதைச் சுமந்து செல்வது ஏபிஓஈ புரதம். 299 அமினோ அமிலங்களாலான அந்தப் புரதத்தில், பரவலாகக் காணப்படும் ஈ3 வகைக்கும் ஈ4 வகைக்கும் உள்ள வேறுபாடு 112ஆம் இடத்தில் இருக்கும் ஒன்றே ஒன்றுதான். ஆனால் ஈ4 கொழுப்பைச் சரியாக ஏற்றிச் செல்வதில்லை என்பதால், அது துணைச் செல்களுக்குள்ளேயே துளித்துளியாகத் தேங்குகிறது.

துளிகள் எல்லாமே கேடு என்றும் சொல்லிவிட முடியாது. நலிந்த நரம்பணுக்கள் வெளியேற்றும் பழுதுபட்ட கொழுப்பைத் துணைச் செல்கள் வாங்கி வைத்துக்கொள்வது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. வாங்கியதை எரித்தோ வெளியேற்றியோ தீர்க்க முடியாதபோதுதான் தொல்லை தொடங்குகிறது. மூளையின் துப்புரவுப் பணியைச் செய்யும் மைக்ரோகிளியா செல்களைப் பற்றி ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட கட்டுரையில், ஈ4 இரண்டு படி கொண்ட நோயாளிகளிடம் கொழுப்பு நிறைந்த மைக்ரோகிளியா மிகுந்திருந்ததையும், அத்தகைய செல்கள் சுரப்பவை ஆய்வகத்தில் நரம்பணுக்களுக்கு ஊறு செய்ததையும் காட்டினார்கள்.

இதில் எனக்கு ஒரு வெட்கமும் உண்டு. 1907இல் வெளியான கட்டுரையிலேயே, இந்த நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், நோயுற்ற மூளையில் கண்ட படிவுகளையும் நரம்பணுக்களுக்குள் இருந்த நார்ச்சிக்கல்களையும் விவரித்ததோடு, துணைச் செல்களில் கொழுப்பு இருந்ததையும் குறித்திருந்தார். இத்தனை ஆண்டுகள் உயிரியல் கற்பித்த நான் வகுப்பில் முதலிரண்டை மட்டுமே சொல்லி வந்தேன். மூன்றாவதை ஆய்வுலகமே நெடுநாள் ஓரமாக வைத்திருந்தது.

ஒரு படி ஈ4 இருப்பது நோய் வரும் வாய்ப்பை ஏறத்தாழ மூன்று மடங்காக்குகிறது என்பார்கள். அது சிறியதன்று, ஆயினும் ஈ4 இருந்தும் நோய் வராமல் முதுமை கண்டவர்கள் பலர், ஈ4 இல்லாமலே நோயுற்றவர்களும் பலர். உன் பாட்டிக்கு இந்த நோய் வந்ததால் அந்தப் படி என் வழியாகத்தான் வந்திருக்கும் என்று முடிவு கட்டிவிடாதே. பாட்டிக்கு இந்தப் பரிசோதனை நடக்கவே இல்லை, உன் அப்பாவும் நானும் செய்துகொண்டதில்லை.

இரத்தக் கொழுப்பைப் பொருட்படுத்த வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. ஈ4 உள்ளவர்களுக்கு, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் கொலஸ்டிரால் சற்றுக் கூடுதலாக இருப்பது வழக்கம். நடுவயதில் அது உயர்ந்திருப்பதை, தவிர்க்கக்கூடிய மறதிநோய்க் காரணிகளின் பட்டியலில் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல் சேர்த்திருக்கிறது. ஆகவே கொழுப்பை அறவே ஒதுக்குவதை நிறுத்திவிட்டு, எல்டிஎல் அளவையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து எனக்கு எழுது. நானும் என்னுடையதைப் பார்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா