அப்பாவுக்கு, குக்ஸ்ஹாஃபனிலிருந்து

குக்ஸ்ஹாஃபன், ஜெர்மனி,
மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே எல்லோரும் நலமா? உங்கள் கடிதம் வந்தபோது நான் கப்பலில் இருந்தேன். கீழ்வீட்டுத் தாத்தா வாங்கிப் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தார். போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்று அம்மா சொன்னாள். அதனால் இனி எழுதியே அனுப்புகிறேன்.

"அவ்வளவு பெரிய இரும்புக் குழாயை அடிக்காமல் எப்படிக் கடலில் இறக்குவீர்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். படித்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வாழ்நாளெல்லாம் பந்தல்கால் நட்ட உங்களைத் தவிர வேறு யார் இதைக் கேட்பார்கள்! கடற்கரைக் கோயில் கொடைக்குப் பந்தல் போடும்போது, "அடிக்காதடா, ஈர மண்ணு, ஆட்டி ஆட்டி இறக்கு" என்று செல்வத்திடம் சொல்வீர்களே, அதேதான் இது.

கடலில் காற்றாலையைத் தாங்கும் குழாயின் குறுக்களவு 8 மீட்டருக்கு மேலும் வரும், எடை 1000 டன்னைத் தாண்டும். வழக்கமாக அதை நிமிர்த்தி வைத்து, பெரிய ஹைட்ராலிக் சம்மட்டியால் தலையில் ஆயிரக்கணக்கான அடி அடிப்பார்கள். நாங்கள் அடிக்காமல் அதிரவைத்து இறக்குகிறோம். எங்கள் கருவி கிரேனில் தொங்கும். அதன் பிடிகள் குழாயின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். உள்ளே ஒருபக்கம் மட்டும் கனமுள்ள சக்கரங்கள் ஜோடி ஜோடியாக எதிரெதிர்த் திசையில் சுற்றும். பக்கவாட்டு இழுப்பை ஒன்றுக்கொன்று சரிக்கட்டிவிடும், மேலும் கீழுமான உதறல் மட்டும் மிஞ்சும். அதுவும் நொடிக்கு 20 தடவைக்கு மேல். அந்த நடுக்கத்தில் சுற்றியுள்ள மணல் பிடியை விட்டுவிட, குழாய் பாரத்திலேயே இறங்கும். குழாயின்மேல் மீட்டர் கணக்கை வண்ணத்தில் எழுதியிருப்பார்கள். அந்த எண்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

மண் திடீரென்று மெத்தென்று வந்துவிட்டால் சம்மட்டிக்கு அடியில் இருக்கும் குழாய் கட்டுக்கடங்காமல் கீழே ஓடிவிடும். நாங்கள் கவ்விப் பிடித்தபடியே இறக்குவதால் அந்தப் பயம் குறைவு. அம்மாவிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

என் வேலை சத்தத்தை அளப்பது. தண்ணீருக்குள் மைக் இறக்கிக் கேட்கிறோம். சம்மட்டி அடி கடலுக்குள் வெகுதூரம் போகும். இங்கே போர்பாய்ஸ் என்று ஓங்கில் (டால்பின்) மாதிரி ஒரு சின்னப் பிராணி இருக்கிறது. இரை தேடுவது, வழி கண்டுபிடிப்பது எல்லாமே அதற்குக் காதால்தான். அதனால் 750 மீட்டர் தூரத்தில் ஓர் அடியின் சத்தம் 160 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று ஜெர்மனியில் விதியே உண்டு. அதற்காகக் கடலடியில் துளை போட்ட குழாயை வளையமாகப் போட்டுக் காற்றடித்து, குமிழியாலேயே திரை கட்டுவார்கள். அதிர்வில் அந்த அடி அடியான வெடிப்பே கிடையாது. ஒரே சீரான முனகல்தான். சத்தமே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் இரண்டையும் கேட்டவளுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அடுத்து என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மணலைத் தளர்த்தி இறக்கியது காற்றுக்கு நிற்குமா? இந்தக் குக்ஸ்ஹாஃபன் பக்கத்தில் ஒரு மணல் குவாரியில் 2014-இல் ஆறு குழாய்களை இறக்கி, மூன்றை அடித்தும் மூன்றை அதிரவைத்தும், பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தார்கள். எப்படி அதிரவைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறதாம். பக்குவமாகச் செய்தால் நிற்கும். 2022-இல் ஹெல்கோலாண்ட் தீவுக்கு வடக்கே காஸ்காசி என்ற இடத்தில் சில குழாய்களை அதிர்வாலேயே குறித்த ஆழம்வரை இறக்கிக் காட்டினார்கள். அங்கே இப்போது 38 காற்றாலைகள் சுற்றுகின்றன. இறுகிய களிமண் வந்தால் மட்டும் கஷ்டம், கடைசியில் சம்மட்டியைக் கூப்பிட வேண்டி வரலாம். எனக்கென்னவோ இதுதான் சரியான வழி என்று தோன்றுகிறது அப்பா. கடல் நம்முடையது மட்டும் இல்லையே.

குளிரைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். காற்றுதான் காதை அறுக்கிறது, அக்கா பின்னிய குல்லாவைக் கழற்றுவதே இல்லை. கீழ்வீட்டுத் தாத்தா முன்பு மீன்பிடிப் படகில் போனவர். தினமும் காலையில் ஜன்னலைத் திறந்து காற்றை முகர்ந்துவிட்டு, இன்றைக்கு எங்கள் கப்பல் கிளம்புமா கிளம்பாதா என்று எனக்குச் சொல்வார். பெரும்பாலும் பலிக்கிறது! ஞாயிற்றுக்கிழமை ஊறவைத்த ஹெர்ரிங் மீனைப் பச்சை வெங்காயத்தோடு ரொட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து தருவார். நாம் குழம்பு வைக்கிற மீனை அப்படியே தின்பதா என்று முதலில் தயங்கினேன், இப்போது பழகிவிட்டது. ஆக, பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கிறது.

கப்பலில் சோறு கிடைக்கிறது, சமையல்காரர் பிலிப்பைன்ஸ்காரர். அம்மா கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய் பொங்கலுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. பாட்டிலைக் கழுவ மனம் வரவில்லை. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்தால் மூடியைத் திறந்து ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுப் படுக்கிறேன். இந்த வருடம் கொடைக்கு நீங்கள் பந்தல் போடும்போது நான் இருக்கமாட்டேன் என்பதை நினைத்தால் என்னவோ போல் இருக்கிறது. சரி, அதை விடுங்கள்.

வீடு மாறினேன் அல்லவா, மூன்று மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டார்கள். அதனால் இந்த மாதப் பணம் மட்டும் கொஞ்சம் தள்ளி வரும். என் கையில் வேண்டியது இருக்கிறது. தம்பியின் காலேஜ் ஃபீஸ் மட்டும் கடைசித் தேதிக்குள் கட்டியாக வேண்டும், சின்ன அத்தையிடம் கைமாற்று கேட்க வேண்டாம், நான் எப்படியாவது அனுப்பிவிடுகிறேன். உங்கள் காதுக்கு டாக்டரிடம் இந்த வாரமே போங்கள். பெரியப்பா சுவர்த் தகராறை மறுபடி எடுத்தால் நீங்கள் வாயே திறக்காதீர்கள், செல்வத்தைப் பேச விடுங்கள். சர்வேயர் அளக்க வரும்போது நகலை மட்டும் காட்டுங்கள். மூலப்பத்திரத்தை யார் கேட்டாலும் பீரோவிலிருந்து எடுக்க வேண்டாம்.

உங்கள் அன்பு மகள்