பெர்லின்ல இருக்குற பாப்பாவுக்கு, அந்த லிண்டன் மரத்து ரோடு பத்தி

பாப்பா,

நேத்து போன்ல உன் புது ஆபீஸ் உன்டர் டென் லிண்டன் ரோடுலதான்னு சொன்னதுல இருந்து அப்பாவுக்கு மனசு அங்கயே இருக்கு. சிங்கப்பூர்ல ஈசிபி விரைவுச்சாலை ஓரமா தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கிளை வெட்டியே காலத்த ஓட்டுன ஆளு, ஒரு ரோடுக்கு மரத்து பேரே வச்சிருக்கான்னா சும்மா விடுவேனா, எல்லாம் தேடிப் படிச்சுட்டேன்.

1573-ல அது அரண்மனையில இருந்து டியர்கார்ட்டன் வேட்டைக்காட்டுக்கு குதிரையில போற பாதை, அவ்வளவுதான். 1647-ல ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம்னு அந்த நாட்ட ஆண்டவர் லிண்டனும் வால்நட்டும் ஆறு வரிசையா நட வச்சார். முப்பது வருஷப் போர் இன்னும் முடியக்கூட இல்ல, பெர்லின்ல ஜனம் பாதியா குறைஞ்சு கெடக்கு, அந்த நேரத்துல மரம் வைக்கணும்னு நினைச்சிருக்கார் பாரு, எனக்கு அந்த மனுஷன் மேல பெரிய மரியாதை வந்துடுச்சு.

ஆனா இப்ப நீ பாக்குறது அந்த மரங்க இல்லமா. நாஜிங்க 1930கள்ல கீழ ரயில் சுரங்கம் தோண்டுறதுக்காக வயசான மரங்கள வெட்டிட்டாங்க, மிச்சம் மீதி இருந்தது போர்ல குண்டு விழுந்தும் விறகுக்கும் போச்சு. 1950கள்ல திரும்ப வச்சாங்க. அதுவும் கொஞ்சம் வளர்றதுக்குள்ள 1961-ல பெர்லின கிழக்கு மேற்கா பிரிச்ச சுவர் வந்து, மேற்கால போக வழி இல்லாம முட்டுச்சந்து ஆயிடுச்சு, 1989 டிசம்பர்லதான் ரோடோட மேற்கு முனையில இருக்குற பிராண்டன்பர்க் கேட்ட திரும்ப திறந்தாங்க. அதுக்குப் பின்னாடி யு5 ரயிலுக்குத் தோண்டுனப்பவும் சில மரம் போய் புதுசு வச்சிருக்காங்க.

ஹம்போல்ட் யுனிவர்சிட்டிக்கு எதிர்ல பேபல்பிளாட்ஸ்னு ஒரு சதுக்கம் இருக்கு, அங்க கண்டிப்பா போ. 1933 மே 10 ராத்திரி புத்தகங்கள குவிச்சு கொளுத்துன இடம், படிக்கிற பிள்ளைங்களே முன்னாடி நின்னு கொளுத்தியிருக்காங்க. தரையில ஒரு கண்ணாடி பதிச்சிருப்பாங்க, குனிஞ்சு பாத்தா கீழ வெள்ளை அலமாரியா இருக்கும், ஒரு புக்கும் இருக்காது. 1981-ல யாழ்ப்பாணம் லைப்ரரி எரிஞ்ச சேதி கேட்டு வளந்தவங்க நாங்க, அதனால உனக்கு இதை சொல்லாம இருக்க முடியல.

மரம் வெட்டுறது ஒரு நாள் வேலை பாப்பா, வளர்க்குறதுக்குத்தான் ஒரு தலைமுறை வேணும். நம்ம ஊர்ல 1963-ல லீ குவான் யூ ஃபேரர் சர்க்கஸ்ல ஒரு மெம்பாட் மரக்கன்னு நட்டு ஆரம்பிச்சு வச்ச மரம் நடுற வேலைதான் அப்பாவுக்கு பின்னாடி சோறு போட்டுச்சு.

ஜூன்ல லிண்டன் பூக்குமாம், வாசம் தெருவெல்லாம் வருமாம். அப்ப ரோடு நடுவுல இருக்குற நடைபாதையில பொறுமையா நட. மரத்தடியில வேருக்கு எவ்வளவு மண் விட்டிருக்காங்க, சிமெண்ட் எதுவரைக்கும் போட்டிருக்காங்கன்னு பக்கத்துல போய் பாத்துட்டு எனக்கு வாய்ஸ் மெசேஜ் போடு.

அப்பா