விண்கலத்துக்கும் மனையடி உண்டு

புதுச்சேரியிலும் கடலூரிலும் விண்வெளித் தொடர் எடுக்கக் கிளம்பியிருக்கும் இயக்குநர்களுக்கும் கலை இயக்குநர்களுக்கும்,

வணக்கம். உங்கள் கதையில் நாங்கள் தலையிடவில்லை. கலத்தின் உள்ளமைப்பைப் பற்றி மட்டும் பேசுகிறோம். வெளித்தோற்றத்தை ஒருவர் கம்ப்யூட்டரில் செய்கிறார், உள்ளே செட்டை இன்னொருவர் போடுகிறார். இருவரும் ஒரே பிளானைப் பார்ப்பதில்லை. முக்கால்வாசிக் கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

பெரிய கைகளுக்கும் இது சறுக்கியிருக்கிறது. 1960களின் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் கலிலியோ என்ற சிறு ஓடத்துக்குச் செய்த வெளிக்கூட்டுக்குள், அதற்கென்றே போட்ட உள் செட் அடங்காது. 1996இல் வந்த அதன் திரைப்படம் ஒன்றில் கலத்துக்கு 24 தளம் என்கிறார் கேப்டன். அதே படத்தில் எதிரி 26ஆம் தளத்தைப் பிடித்துவிட்டதாக இன்னொருவர் சொல்கிறார்!

ஆகவே ஆணி அடிக்கும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: உங்கள் கலத்தில் ‘கீழே’ என்பது எந்தப் பக்கம்? எஞ்சின் தள்ளும்போது ஆட்கள் எஞ்சின் பக்கமாகத்தான் அழுத்தப்படுவார்கள். 2015இல் தொடங்கிய ‘தி எக்ஸ்பான்ஸ்’ தொடர் இதை ஒழுங்காகச் செய்தது. அதில் வரும் ரோசினான்டே என்ற கலம் படுத்த கப்பல் அல்ல, நிமிர்ந்த மாடிக் கட்டடம். எஞ்சின் அடியில், தளங்கள் மேலே அடுக்கடுக்காக, நடுவே ஏணி. கலம் சுழல்வதால் ஈர்ப்பு வருகிறது என்றால் கணக்கு கடுமை. நிமிடத்துக்கு 2 சுற்றில் பூமியின் ஈர்ப்பு வேண்டுமானால் ஆரம் சுமார் 224 மீட்டர். 10 மீட்டர் ஆரம் என்றால் ஒன்பதரைச் சுற்று. தலைக்கும் காலுக்கும் ஈர்ப்பு 17 சதவீதம் மாறும், தலையைத் திருப்பினாலே குமட்டும். செயற்கை ஈர்ப்பு என்று ஒரே வார்த்தையில் தாண்டுவதும் தப்பில்லை, கடைசிவரை அதிலேயே நில்லுங்கள்.

பிறகு கிராஃப் தாளில் 1:50 அளவில் பிளான் போடுங்கள்: 1 செ.மீ. என்றால் அரை மீட்டர். தளத்துக்குத் தளம் 3 மீட்டர் வையுங்கள். ஆள் நடக்க 2.3, மிச்சம் குழாய்க்கும் கேபிளுக்கும். வெளியே எத்தனை ஜன்னல் வரிசையோ உள்ளே அத்தனை தளம். எதை எங்கே வைப்பது என்று குழப்பமா? கடலூர் துறைமுகத்தில் ஒரு விசைப்படகில் ஏறிப் பாருங்கள். வீல் ஹவுஸ் என்கிற ஓட்டும் அறை, எஞ்சின், ஐஸ் அறை, வலை, எதுவும் அழகுக்காக அங்கே இல்லை.

நடைபாதையை வளைத்துப் போடுங்கள். பழைய ஸ்டார் ட்ரெக்கில் ஒரே வளைந்த நடைபாதைதான் எல்லாத் தளமாகவும் நடித்தது. உள்சுவர் ஆரம் 7 மீட்டர், வெளிச்சுவர் 9 மீட்டர் என்றால் கேமராவை எங்கே வைத்தாலும் 11.3 மீட்டருக்கு மேல் பார்வை போகாது. ஒரு முனையில் கேமரா நின்றால் 80 பாகை வளைவு போதும், செட்டின் மறுமுனை தெரியாது. நேர்ப்பாதையில் இந்த ஏமாற்று வேலை எளிதில் நடக்காது.

பிளைவுட் 8க்கு 4 அடியில் வருவதால் சுவரை 4 அடித் துண்டுகளாகச் செய்து போல்ட் போட்டு இணையுங்கள். ஆணி அடித்த சுவரைக் கேமராவுக்காகக் கழற்றி மாட்டினால் மூன்றாம் தடவை ஓரம் பிய்ந்துவிடும். நம் ஊர் உப்புக்காற்றில் சாதா ஸ்க்ரூ துருப்பிடித்து வெள்ளைப் பெயிண்டில் வழியும், ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டி செட் நிற்கவேண்டுமானால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் மரைன் பிளை வாங்குங்கள். தரைக்கு அடியில் ரப்பர் விரிக்காவிட்டால், இரும்புக் கலத்தில் நடப்பவர் காலடியில் வெற்று மரப்பெட்டிச் சத்தம் கேட்கும்.

12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பை 5 மீட்டருக்கு மேல் தொடர்ந்து இழுத்தால் கடைசிப் பக்கம் மங்கும். அங்கேயும் தனியாகக் கரண்ட் கொடுங்கள். மலிவு டிம்மரால் வெளிச்சத்தைக் குறைத்தால் கண்ணுக்குச் சரி, கேமராவில் கோடு ஓடும்.

கதவுக்கு மோட்டார் வேண்டாம். பழைய ஸ்டார் ட்ரெக்கில் தானாகத் திறந்த கதவுகளைப் பின்னால் நின்று ஆட்கள்தான் இழுத்தார்கள். கதவு ஒதுங்க அதன் அகலத்துக்கும், இழுப்பவர் நிற்க இரண்டடிக்கும் சுவருக்குப் பின்னால் பிளானிலேயே இடம் விடுங்கள்.

இப்படிக்கு,
புதுச்சேரியில் செட் வேலை பார்க்கும் சிலர்