மழைக்கும் நாள்காட்டியில் இடம் கொடுங்கள்

சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் இருக்கும் கலை, அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், பல்கலைக்கழகத் தேர்வுத் துறை அதிகாரிகளுக்கும், மழை விடுமுறையை அறிவிக்கும் மாவட்ட நிர்வாகத்தினருக்கும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நகரின் நடுவே உள்ள ஒரு கல்லூரியில் விலங்கியல் மூன்றாமாண்டு படிக்கிறேன். வீடு திருவள்ளூர் பக்கம். காலை ஷிப்டு என்பதால் விடிவதற்குள் கிளம்பி, மின்சார ரயில் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, பஸ் மாறி, எட்டரை மணி வகுப்புக்கு வந்து சேர்கிறேன். அரக்கோணம், கும்மிடிப்பூண்டி, செங்கல்பட்டு என்று எல்லாத் திசைகளிலிருந்தும் இப்படித் தினமும் சென்னைக்குப் படிக்க வருகிறவர்கள் ஏராளம். இப்போது ஐந்தாம் பருவம் நடந்துகொண்டிருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. அதற்குள் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்பதால் இந்த மடல்.

ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ தொடங்கி நவம்பர், டிசம்பரில் தேர்வோடு முடிகிற பருவம் இது. எந்தக் கல்லூரியின் கையேட்டையும் எடுத்து இதன் நாள்காட்டியைப் பாருங்கள். ஜூலையும் ஆகஸ்டும் மெதுவாக நகரும். சேர்க்கை முடியும், முதலாண்டுக்கு வரவேற்பு விழா நடக்கும், மன்றங்கள் தொடங்கி வைக்கப்படும். செப்டம்பரில் முதல் இன்டர்னல், அதாவது கல்லூரியே நடத்தும் உள்தேர்வு வரும். அக்டோபர் பாதிக்கு மேல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும்: இரண்டாம் இன்டர்னல், அசைன்மென்ட், செமினார், ரெக்கார்டில் (ஆய்வகக் குறிப்பேட்டில்) கையெழுத்து வாங்குவது, தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதி, மாடல் தேர்வு, செய்முறைத் தேர்வு, ஹால் டிக்கெட், பிறகு எழுத்துத் தேர்வு. மழையும் அதே வாரங்களில்தான் வருகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் சென்னையில் அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. இது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் நாள்காட்டியைத் தயாரிக்கிறவர்கள் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் இதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது ஏன் என்பது எனக்குப் புரியவே இல்லை.

2015 நவம்பரில் மட்டும் இந்த நகரத்தில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை மீறியபோது பருவத் தேர்வுகள் பாதியில் நின்றன. 2021 நவம்பரில் ஒரே இரவு மழையில் நகரம் மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நான் முதலாண்டு. தேர்வு தள்ளிப்போன செய்தியைப் பார்க்கக்கூட எங்கள் தெருவில் பலரிடம் சார்ஜ் இருந்த போன் இல்லை. 2024 அக்டோபர் நடுவில் சிவப்பு எச்சரிக்கை, நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல். இத்தனைக்குப் பிறகும் அடுத்த ஆண்டுக் கையேட்டில் மாடல் தேர்வு நவம்பர் முதல் வாரத்தில் அச்சாகி வருகிறது.

விடுமுறை அறிவிப்பைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் நாள் அதில்தான் உடைகிறது. முதல் நாள் மாலையிலிருந்தே வீட்டில் எல்லோரும் செய்தித் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்போம். இரவு பத்து மணி வரை ஒன்றும் வராது. அதிகாலையில் அம்மா எழுந்து சாதம் வடித்து டப்பா கட்டிவிடுவார். நான் ரயில் ஏறி ஆவடி தாண்டிய பிறகு, 'பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை' என்று ஒரு வரி வரும். சிறிது நேரத்தில் அது 'பள்ளி, கல்லூரிகளுக்கு' என்று மாறினாலும் மாறும். மாறாமலும் போகும். திருவள்ளூரில் விடுமுறை, சென்னையில் கிடையாது என்றால் நான் எந்த மாவட்டத்து மாணவி? படிக்கும் இடம் சென்னை என்பதால் வர வேண்டும் என்பார்கள். ஆனால் தண்ணீர் நிற்பது நான் கிளம்பும் இடத்தில். சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்ற நான்கு மாவட்டங்களையும் தினமும் தாண்டித் தாண்டித்தான் நாங்கள் படிக்கிறோம். அறிவிப்போ மாவட்ட எல்லையோடு நின்றுவிடுகிறது.

பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை விடுவதன் காரணமும் எனக்கு விளங்கவில்லை. பதினேழு வயதில் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தவளுக்கு ஆபத்தான அதே மழை, பதினெட்டு வயதில் கல்லூரிக்குப் போகிறவளுக்கு எப்படிப் பாதுகாப்பானதாகிறது? பள்ளிப் பிள்ளை பெரும்பாலும் பக்கத்துத் தெருவுக்கோ அடுத்த ஊருக்கோதான் போகிறது. நாங்கள் போவது நாற்பது, ஐம்பது கிலோமீட்டர். பேசின் பாலத்துக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் எங்கள் ரயில் ஆவடியிலோ பெரம்பூரிலோ நின்றுவிடும். அங்கே இறங்கி பஸ் தேடினால் கணேசபுரம் சுரங்கப்பாதையை மூடியிருப்பார்கள். ஒரு வழியாகக் கல்லூரிக்கு வந்து சேரும்போது முதல் மணி நேரம் முடிந்திருக்கும். அரை நாள் வருகை போய்விட்டது என்பார்கள்.

வந்து சேர்ந்த பிறகு எப்படி இருக்கிறோம் என்பதையும் யாரும் கேட்பதில்லை. சுடிதார் முழங்கால் வரை நனைந்திருக்கும். அதே ஈரத்தோடு மதியம் வரை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டை இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, அதைத் துப்பட்டாவால் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு வருகிறோம். குடை புத்தகப் பைக்குத்தான், எங்களுக்கு இல்லை. வண்ணம் தீட்டிய படங்களில் ஒரு சொட்டு நீர் விழுந்தால் அந்தப் பக்கத்தை முழுவதும் மறுபடி வரைய வேண்டும். மாற்றுடை கொண்டுவந்தாலும் அதை மாற்ற ஒழுங்கான அறை எத்தனைக் கல்லூரிகளில் இருக்கிறது என்று ஒரு நாள் நேரில் நடந்து பாருங்கள், அம்மா. மாதவிடாய் நாளில் இந்த ஈரம் என்ன செய்யும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை.

இப்போது வருகைப் பதிவு. பருவத்துக்கு 90 வேலை நாட்கள், 75 விழுக்காடு வருகை என்பது விதி. 22 நாட்கள் வரை வராமல் இருக்கலாமே, அது தாராளம்தானே என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் மழைக்கு முன்பே அந்த நாட்கள் கரையத் தொடங்கிவிடுகின்றன. சேர்க்கை தாமதமான முதலாண்டு மாணவருக்குத் தொடக்கமே குறை. ஆகஸ்டில் காய்ச்சல், ஊரில் ஆடித் திருவிழா, வீட்டில் ஒரு சாவு, ரயில் தாமதமான அரை நாட்கள். மிச்சம் இருப்பதை அக்டோபர் எடுத்துக்கொள்கிறது. 75-க்குக் கீழே போய்விட்டால், வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்காக வாங்கும் காண்டோனேஷன் கட்டணம் கட்ட வேண்டும். 65-க்கும் கீழே என்றால் அந்தப் பருவத் தேர்வையே எழுத முடியாது. மேல்மாடி வீட்டில் இருப்பவரும் கல்லூரி விடுதியில் இருப்பவரும் இந்தப் பணத்தைக் கட்டுவது அரிது. கட்டுகிறவர்கள் புளியந்தோப்பிலும் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் வந்த தண்ணீரை வாளியில் அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தவர்கள்.

பெரும்பாக்கத்தையும் செம்மஞ்சேரியையும் தனியாகச் சொல்ல வேண்டும். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களை அரசே அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தியது. அந்த வீட்டுப் பிள்ளைகளின் கல்லூரிகளில் பல இன்னும் நகரத்துக்குள்தான் இருக்கின்றன. என் வகுப்புத் தோழி ஒருத்தி பெரும்பாக்கத்திலிருந்து வருகிறாள். அவள் பாட்டி காலத்தில் கல்லூரி வாசலுக்கு நடந்தே வந்துவிடும் தூரத்தில் அவர்கள் குடும்பம் இருந்தது. இன்று இரண்டு பஸ் மாறி வருகிறாள். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது பெரிய உதவி, அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் பள்ளிக்கரணைச் சாலையில் தண்ணீர் நிற்கும்போது அந்த பஸ்ஸே வருவதில்லை. ஏரி இருந்த இடத்துக்கும் சதுப்பு நிலத்துக்கும் பக்கத்தில் வாழும்படி அவளை அனுப்பிவைத்த நகரம், அங்கிருந்து வர முடியாத நாளுக்கு அவளிடமே பணம் கேட்கிறது. இதைப் படிக்கும் எந்த முதல்வராவது இது நியாயம் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வாரா?

மழை விட்டதும் இன்னொன்று தொடங்குகிறது. போன நாட்களை ஈடுகட்ட அடுத்தடுத்த சனிக்கிழமைகள் வேலை நாளாகும். எங்களில் பாதிப் பேர் வெறும் மாணவர்கள் இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். காலை ஷிப்டு முடிந்து மதியம் தி.நகர் ஜவுளிக் கடைகளில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். சனி, ஞாயிறுகளில் கல்யாண மண்டபங்களில் பரிமாறப் போகிறவர்கள், இரவில் சாப்பாடு டெலிவரி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமைகளில்தான் கடைகளில் கூடுதல் ஆள் எடுப்பார்கள், கூலியும் கொஞ்சம் அதிகம். அந்தக் கூலியில்தான் பலரும் தேர்வுக் கட்டணம் கட்டுகிறார்கள். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருவது அரசுப் பள்ளியில் படித்து வந்த எங்களுக்குத் துணையாக இருக்கிறது. சீசன் டிக்கெட், ஜெராக்ஸ், போன் ரீசார்ஜ், லேப் பொருட்கள் என்று அது மாதக் கடைசிக்குள் தீர்ந்துவிடும். சனிக்கிழமை வகுப்பு என்று வெள்ளிக்கிழமை மாலையில் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடும்போது, ஒரு நாள் கூலி அந்த நொடியில் போய்விடுகிறது. கடைக்காரர் இரண்டு சனிக்கிழமை பார்ப்பார், மூன்றாவதில் வேறு ஆளை வைத்துக்கொள்வார்.

விடுமுறை நாளில் ஆன்லைன் வகுப்பு நடத்துவதும் வழக்கமாகி வருகிறது. மின்சாரம் இருக்கும் வீட்டுக்கு அது சரி.

தென் மாவட்டங்களிலிருந்து வந்து திருவல்லிக்கேணி மேன்ஷன்களிலும் சூளைமேட்டு விடுதிகளிலும் தங்கியிருக்கும் நண்பர்களுக்கு வேறொரு நெருக்கடி. ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்து சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. தீபாவளிக்கு மறுநாள் மாடல் தேர்வு உண்டா இல்லையா என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் இரவெல்லாம் நின்று, கிடைத்த பஸ்ஸில் மதுரைக்கோ நெல்லைக்கோ போய், வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.

எங்கள் பேராசிரியர்கள் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர்களும் இதே ரயிலில், இதே தண்ணீரில்தான் வருகிறார்கள். தொகுப்பூதியத்தில் வேலை செய்யும் கௌரவ விரிவுரையாளர்களுக்கு எங்களைவிடவும் நெருக்கடி. சென்ற ஆண்டு ரெக்கார்டு நனைந்துபோன மூன்று பேருக்கு எங்கள் ஆய்வக ஆசிரியை தம் கையிலிருந்த படங்களைக் கொடுத்து, கூடுதல் நாளும் கொடுத்தார். அந்த நல்ல மனம் ஓர் ஆசிரியையின் விருப்பத்தைப் பொறுத்திருப்பதால், பக்கத்துத் துறையில் அதே நிலையில் இருந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அதனால்தான் விதியாகக் கேட்கிறேன்.

செய்முறைத் தேர்வையும் இரண்டாம் இன்டர்னலையும் அக்டோபர் 10-க்குள் முடியுங்கள். ஜூலை, ஆகஸ்டில் அதற்கு இடம் இருக்கிறது. பாடத்தை ஐந்து அலகுகளாகத்தான் பிரித்திருக்கிறார்கள். செய்முறையைக் கடைசி வரை இழுக்க எந்தத் தேவையும் இல்லை. அக்டோபர் பாதி முதல் நவம்பர் முடிய ஏழெட்டு நாட்களை மழை நாட்கள் என்று கையேட்டிலேயே ஒதுக்கி வையுங்கள். மழை பெய்யாவிட்டால் அவை படிப்பு விடுமுறையாகட்டும். பெய்தால் சனிக்கிழமைகளைத் தொட வேண்டாம். விடுமுறை முடிவை முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் சொல்லுங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்த பிறகும் விடியும்வரை காத்திருப்பதில் எங்களுக்கு எந்த நன்மையும் இல்லை. பள்ளிக்கு விடுமுறை என்றால் கல்லூரிக்கும் விடுங்கள். மாணவரின் வீடு இருக்கும் மாவட்டத்தில் விடுமுறை என்றால், கல்லூரி நடந்தாலும் அன்றைக்கு அவருக்கு வருகை உண்டு என்று ஒரு சுற்றறிக்கை போதும். முகவரி உங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது, சான்றிதழ் கேட்டு அலைய வைக்க வேண்டாம். வெள்ளம் சூழ்ந்த பகுதி மாணவர்களிடம் அந்தப் பருவத்துக்குக் காண்டோனேஷன் கட்டணம் வாங்காதீர்கள். மாணவிகளுக்கு உடை மாற்ற ஓர் அறையை, உலர்ந்த ஓர் அறையை, மழைக் காலம் முழுவதும் திறந்து வையுங்கள்.

தேர்வுத் துறைக்குத் தனியாக ஒன்று. தேர்வை ஒத்திவைக்கும்போது புதிய தேதியையும் சேர்த்தே சொல்லுங்கள். 'பின்னர் அறிவிக்கப்படும்' என்ற வரியோடு நாட்கணக்கில் காத்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. ஊருக்குப் போவதா, இருப்பதா, வேலைக்கு ஒத்துக்கொள்வதா என்று எதையும் முடிவு செய்ய முடியாது.

இந்த மழையைச் சமாளித்துத் தேர்வு எழுதினால் எனக்கு இளநிலையில் மிச்சம் இருப்பது ஆறாம் பருவம் மட்டும். அது கோடையில் முடிந்துவிடும். எனக்குப் பின்னால் என் தம்பி அடுத்த ஜூனில் கல்லூரியில் சேரப்போகிறான், அதே ரயிலில் வரப்போகிறான்.

எங்கள் வகுப்பில் யார் எந்தப் பகுதியிலிருந்து வருகிறார், எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், அவர் வழியில் எந்தச் சுரங்கப்பாதையும் எந்தத் தண்டவாளமும் முதலில் மூழ்கும் என்று ஒரு பட்டியல் எழுதித் துறைத்தலைவரிடம் கொடுத்திருக்கிறோம். ஒரு பாடவேளை நேரம்தான் ஆயிற்று. உங்கள் கல்லூரியிலும் ஒவ்வொரு வகுப்பையும் இந்தப் பட்டியலைக் கேளுங்கள். செப்டம்பர் முடிவதற்குள் கேட்டால் இந்த ஆண்டுக்கே உதவும்.

இப்படிக்கு,
மூன்றாமாண்டு விலங்கியல் மாணவி,
சென்னை