மாப்ள, வரும்போது அந்தப் பொட்டிய எடுத்துட்டு வா

அன்புள்ள மாப்ளைக்கு,

ஒன் மெயில் வந்து நாளாச்சு, இன்னைக்குத்தான் உக்காந்து எழுத நேரம் வாய்ச்சுது. இங்கன எல்லாரும் சௌக்கியம். ஓந் தங்கச்சிக்கு முட்டுவலி பரவால்ல, சின்னவனுக்குப் பாளையங்கோட்டையிலயே வேல கெடச்சிட்டு, ஆத்துல தண்ணி நல்லா போவுது, குத்தாலத்துல சாரல் தொடங்கிட்டுன்னு சொல்லுதாவ. கல்லிடைக்குறிச்சிக்குப் போயி ஒங்க அம்மை, எங்க அத்தையையும் பாத்துட்டு வந்தேன், அது பெரிய கத, கீழ எழுதுதேன்.

நீ கேட்டிருந்தேல்லா, "எல்லாம் போன்லயே வருது, நீ இன்னும் எதுக்குடே ப்ளூரே டிஸ்க்க வாங்கி அலமாரிய ரொப்புத"ன்னு. வேற யாரும் கேட்டிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன், நீ கேட்டதால முழுசா சொல்லணும்னு தோணுது, ஏன்னா இந்த ஆச நமக்கு ரெண்டு பேருக்கும் சேந்து வந்தது. ஞாயித்துக்கெழம மத்தியானம் தூர்தர்ஷன்ல அவார்டு படம் போடுவான், சாப்ட்டுட்டு தெருவே தூங்கும், நாம ரெண்டு பேரு மட்டும் ஒங்க வீட்டு முன்ரூம்ல உக்காந்து பெங்காலி, மலையாளம், கன்னடம்னு புரிஞ்சும் புரியாமலும் பாத்துக்கிட்டே இருப்போம். பதேர் பாஞ்சாலியும் அப்படிப் பாத்ததுதான். முகமெல்லாம் வெள்ளையா வெளிறிப்போயி, படம் முழுக்க கோடு கோடா ஓடும், மழ வார சீன்ல எது மழ எது கீறல்னே தெரியாது.

அந்தப் படத்தோட ஒரிஜினல் நெகடிவுக்கு, அதான் கேமராவுல ஓடுன அந்த ஃபிலிமுக்கே, என்ன ஆச்சுன்னு ஒனக்குத் தெரியுமா? 1992-ல சத்யஜித் ரேக்கு ஆஸ்கர் குடுத்தாங்க, அந்த வருசமே அவரும் போய்ச் சேந்துட்டாரு, அதுக்கப்புறம் அவரு படங்களச் சரி பண்ணணும்னு நெகடிவ எல்லாம் லண்டனுக்கு அனுப்புனாங்க. 1993-ல ஹெண்டர்சன்ஸ்ங்கிற அந்த லேப்ல தீப்புடிச்சு, பதேர் பாஞ்சாலில தொடங்கி அப்புங்கிற பையன் கதையா ரே எடுத்த மூணு படத்தோட நெகடிவும் கருகிப் போச்சு. நல்ல காலம், எரிஞ்ச மிச்சத்த ஒருத்தரும் குப்பையில தட்டல. அமெரிக்காவுல ஆஸ்கர் குடுக்குற அகாடமியோட ஆர்க்கைவ்ல கொண்டு போயி வச்சுட்டாங்க, அது அங்கன இருவது வருசம் கெடந்துது. பெறவு நல்ல படங்கள டிஸ்க்கா போடுற அமெரிக்கக் கம்பெனி க்ரைட்டீரியன்காரங்க அத எடுத்து இத்தாலில போலோன்யாவுல இருக்க லேபுக்கு அனுப்ப, அவங்க காஞ்சு உடையுற ஃபிலிமுக்கு மறுபடி ஈரங்குடுத்து, உருகுன டேப்பையும் பசையையும் எடுத்து, ஓரத்து ஓட்டைய எல்லாம் கையாலயே ஒண்ணொண்ணா ஒட்டிருக்காங்க. கிட்டத்தட்ட ஆயிரம் மணி நேரம், கை வேல மட்டும். பதேர் பாஞ்சாலில 40 சதவீதம், ரெண்டாவது படம் அபராஜிதோல 60 சதவீதத்துக்கு மேல அந்த எரிஞ்ச நெகடிவுல இருந்தே எடுத்துட்டாங்க. மூணாவது படத்து நெகடிவ ஒண்ணும் செய்ய முடியல, அதுக்கு வேற காப்பில இருந்து எடுத்தாங்க. 2015-ல டிஸ்க்கா வந்துது, நீதான் எனக்கு வாங்கி அனுப்புன, நீ அத பிரிச்சுக்கூடப் பாத்திருக்க மாட்ட.

அத மொத மொத போட்டுப் பாத்த அன்னைக்கு, பதேர் பாஞ்சாலில வார அந்தக் கெழவி முகத்துல இருக்க ஒவ்வொரு சுருக்கமும் தெரிஞ்சுது மாப்ள. தாமர எலை மேல பூச்சி ஓடுறது, குளத்துத் தண்ணில மொதத் துளி விழுறது, நாணல் பூவுக்குப் பின்னால ரயில் புகை, எல்லாமே. மழ மழையாத் தெரிஞ்சுது. இத்தன வருசம் நாம பாத்தது அந்தப் படத்தோட நெழலத்தான்னு தோணிச்சு.

போன்ல வாரதும் இதுவும் ஒண்ணுதானேன்னு கேப்ப. ஒண்ணு கெடையாது. போன்ல வாரத இடத்துக்குத் தக்கன அமுக்கித்தான் அனுப்புதான், இருட்டு சீன் வந்தா கருப்பெல்லாம் கட்டம் கட்டமா ஒடையும். டிஸ்க்குல ஒரு படத்துக்கே 40 ஜிபி வரைக்கும் குடுக்க முடியும், 4கே டிஸ்க்குன்னா 100 ஜிபி கூட. அது போக, பாதிப் படம் பாத்துட்டு மீதிய அடுத்த வாரம் பாப்போம்னு இருந்தா அடுத்த வாரம் அந்தப் படமே அங்கன இருக்காது, கான்ட்ராக்ட் முடிஞ்சிட்டும்பான். என் அலமாரில இருக்கத ஒருத்தனும் எடுத்துட்டுப் போக முடியாது.

இப்ப அத்தை கதைக்கு வாறேன். போன தடவ போனப்போ "ஒரு நாளாவது எங்க வீட்டுக்கு வந்து இருங்க"ன்னு கையோட கூட்டிட்டு வந்துட்டேன். நான் ராத்திரி ஓசுங்கிற டைரக்டரோட டோக்கியோ ஸ்டோரிய போட்டிருந்தேன், ஜப்பான் படம், 1953. அத்தை பக்கத்துல வந்து உக்காந்துட்டாவ. எங்கயோ ஊர்ல இருக்க வயசான அம்மையும் அப்பாவும் டோக்கியோல இருக்க பிள்ளையளப் பாக்கப் போறாங்க, பிள்ளையளுக்கு வேல, ஒக்கார நேரமில்ல, செத்துப்போன மகனோட பொண்டாட்டிதான் அவங்கள ஊர் சுத்திக் காட்டுதா, அவ்வளவுதான் கத. கீழ எழுத்து ஓடுறத நான் தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தேன், செத்த நேரத்துல "நீ சொல்லாதடா, எனக்குப் புரியுது"ன்னுட்டாவ. அதுல கேமராவ தரையில பாய்ல உக்காந்த ஆளோட கண்ணு உசரத்துல வச்சிருப்பாரு ஓசு, அத்தை அத உடனே கண்டுபிடிச்சு "இவுகளும் நம்மள மாதிரி பாய விரிச்சுக் கீழதான் உக்காருதாவ, என்ன"ன்னு கேட்டாவ. அந்த மருமவ பணத்தக் கையில வச்சு அமுக்குற சீன்ல "இது நல்ல பிள்ள"ன்னு ஒரு வார்த்த. ஒன்னக் குத்திக் காட்ட இத எழுதல, அத்தைக்கு ஒம் மேல ஒரு கொறையும் கெடையாது, படம் முடிஞ்சதும் நீ வார தேதியத்தான் எங்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்டாவ. நான் சொல்ல வந்தது வேற. அந்தப் படத்துக்கும் ஒரிஜினல் நெகடிவ் கெடையாது, அப்பவே தீயில போயிட்டு. யாரோ அடுத்த காப்பியப் பத்திரமா வச்சிருந்து, யாரோ அதச் சுத்தம் பண்ணி, கல்லிடைக்குறிச்சில அப்பளம் இட்டுக்கிட்டு இருந்த பொம்பளைக்கு எழுபது வருசம் கழிச்சு அது வந்து சேந்திருக்கு. எனக்கு இத நெனச்சா நெஞ்செல்லாம் நெறைஞ்சு போவுது.

எல்லா டிஸ்க்கும் நல்லா இருக்கும்னு சொல்ல மாட்டேன். சில பேரு ரெஸ்டோர் பண்ணுதோம்னு ஃபிலிம்ல மணல் மாதிரித் தெரியுற துகளையே தொடச்சு எடுத்துடுதான், அப்புறம் நடிகருக்குத் தோல் இருக்காது, மெழுகுதான் இருக்கும். துகள் அழுக்கு கெடையாது மாப்ள, படமே அதுலதான் இருக்கு. நம்மூர்ல டிஜிட்டல்னு திரும்ப ரிலீஸ் பண்ணும்போது பழைய சதுரப் படத்த மேலையும் கீழையும் வெட்டி அகலமாக்குதாங்க, ஒரே ஸ்பீக்கருக்குன்னு எடுத்த மோனோ சத்தத்துல புதுசா தபேலாவச் சேத்து, சுத்தி ஆறு ஸ்பீக்கர்ல வார 5.1-ங்காங்க. சதுரப் படம்னா ரெண்டு பக்கமும் கருப்பு வரத்தான் செய்யும், அப்படித்தான் பாக்கணும். சிவாஜி தலப்பாகைய வெட்டிட்டு எதுக்கு எனக்கு அகலம்?

அதவிடப் பெரிய வருத்தம் ஒண்ணு இருக்கு. என் அலமாரியப் பாத்தா பெங்காலி இருக்கு, ஜப்பான் இருக்கு, ஈரான், செக், செனகல் வரைக்கும் இருக்கு. தமிழ் வரிசையில சொல்லிக்கிறாப்புல ஒண்ணும் இல்ல. மோசர் பேர்காரன் 28 ரூவாய்க்கு வித்த காலத்து விசிடி, டிவிடி இருக்கு, அதுவும் தேய்ஞ்ச பிரிண்ட்ல இருந்து எடுத்ததுதான். தமிழ்ல மொதப் பேசும்படம் காளிதாஸ், 1931, ஒரு ரீல் கூட இன்னைக்கு இல்ல. பாலு மகேந்திரா வீடு, சந்தியா ராகம் நெகடிவெல்லாம் போயிட்டேன்னு சாவுறதுக்கு முன்னால மேடையிலயே புலம்புனாரு. அந்த நாள் படத்துல எவ்வளவு இருட்டு, எவ்வளவு நெழல், ஒரு பாட்டு கெடையாது, 1954-ல எடுத்தது, அத ஒழுங்கா ஸ்கேன் பண்ணி ஒரு டிஸ்க்கு வந்தா நான் எத்தன ரூவா குடுத்தும் வாங்குவேன்.

இன்னொண்ணு பாரு. டான்ஸ்காரர் உதய் சங்கர் எடுத்த கல்பனா, 1948, மெட்ராஸ் ஜெமினி ஸ்டூடியோவுல வச்சு எடுத்த படம், நம்ம பத்மினி சின்னப் பிள்ளையா வந்து ஆடுற படம். அது இப்போ அமெரிக்க டைரக்டர் ஸ்கார்சேசி நடத்துற வேர்ல்ட் சினிமா ப்ராஜெக்ட்ல சரியாகி, அந்தப் படங்களச் சேத்து க்ரைட்டீரியன் போட்ட நாலாவது டிஸ்க்குப் பொட்டில அங்கோலா படம், ஈரான் படத்தோட சேந்து வந்திருக்கு. மெட்ராஸ்ல எடுத்தத நான் அமெரிக்காவுல இருந்து வரவழைக்கணும். ஆனா மலையாளத்துக்காரன் முழிச்சிக்கிட்டான், டைரக்டர் அரவிந்தனோட கும்மாட்டி, தம்பு ரெண்டையும் பம்பாய்ல இருக்க ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் முன்ன நின்னு மீட்டுட்டாங்க, கும்மாட்டிக்கு கேமரா நெகடிவே கெடையாது, பழைய பிரிண்ட வச்சுத்தான் அவ்வளவு கலரும் திரும்ப வந்துது. மந்தன்ங்கிற ஹிந்திப் படம் அஞ்சு லட்சம் பால்காரங்க ஆளுக்கு ரெண்டு ரூவா போட்டு எடுத்தது, அதுவும் 2024-ல கான்ஸ் பட விழாவுல புதுசா ஓடிச்சு. தமிழுக்கு இப்படி ஒருத்தர் எறங்கணும்.

இப்ப விசயத்துக்கு வாறேன். ஜங்ஷன் பக்கம் ஒரு அண்ணாச்சி டிகே ஏரியாவுக்கு, அதான் திருநெல்வேலி கன்னியாகுமரிப் பக்கத்துக்கு, படத்த வாங்கி ஓட்டிக்கிட்டு இருந்தாரு, நாங்குநேரி வள்ளியூர் டூரிங் டாக்கீஸுக்கெல்லாம் அவரு பொட்டிதான் பஸ் மேல போவும். அவரு காலமாயிட்டாரு, மகன் குடோன காலி பண்ணுதாரு. எங்கிட்ட கேக்காவ, எடைக்குப் போடலாமான்னு. போயிப் பாத்தேன், தகரப் பொட்டி துருப்பிடிச்சு அடுக்கடுக்கா கெடக்கு, சிலதுல பேரே இல்ல, ரெண்டு மூணத் தொறந்தா காடி வாட மூக்க அறுக்கு. அந்த வாட வந்துட்டுன்னா ஃபிலிம் அடித்தளமே புளிச்சு ஆவியா வருதுன்னு அர்த்தம், சூடும் ஈரமும் சேந்தா வேகமாப் போவும், அந்த ஆவி பக்கத்துல நல்லா இருக்க ரீலையும் கெடுக்கும். அதனால நாத்தம் வாரதத் தனியா எடுத்து வேற ரூம்ல வச்சிருக்கோம், மீதிய வெயில் படாம தரையில இருந்து தூக்கிப் பலகை மேல அடுக்கியாச்சு, பொட்டி மேல இருக்க எழுத்தெல்லாம் நானும் சின்னவனும் நோட்டுல எழுதிட்டோம். நம்மூர்ல பழைய படத்த முந்தியெல்லாம் வெள்ளி எடுக்கத்தான் வித்தாவ, அதுல எத்தன போச்சோ. இத விட மாட்டேன். ஒருவேள எல்லாம் எல்லாரும் வச்சிருக்க படமாவே இருக்கும், இருந்தாலும் பரவால்ல, அவங்ககிட்ட இருக்கதவிட இதுல ஒரு ரீல் நல்லா இருந்தா அதுவே போதும்.

அந்த பம்பாய் ஃபவுண்டேஷனுக்கும், பூனாவுல இருக்க ஃபிலிம் ஆர்க்கைவுக்கும் கடுதாசி எழுதுதேன். இங்கிலீஷ்ல நீ ஒரு தடவ பாத்துத் திருத்திக் குடு, லிஸ்ட்ட தனியா அனுப்புதேன். 2024-ல திருவனந்தபுரத்துல இந்த ஃபிலிம் பாதுகாக்குற பயிற்சி நடத்துனாங்க, நமக்கு இங்கன இருந்து எட்டுற தூரம்தான், அடுத்தாப்புல தெக்க எங்கயாவது வச்சா சின்னவன அனுப்பணும்னு இருக்கேன், அவனுக்கும் இஷ்டம்.

நீ வரும்போது எடுத்துட்டு வர வேண்டியது: கல்பனா இருக்க அந்த நாலாம் பொட்டி. மொதப் பொட்டியும் கெடச்சா எடு, அதுல ரித்விக் கட்டக்கோட திதாஷ்ங்கிற பெங்காலிப் படம் இருக்கு, ஆத்தோட சேந்து ஒரு ஊரே வத்திப் போற கத, அத பாத்துட்டு ஒனக்குத் தனியா எழுதணும். ஜூலைலயும் நவம்பர்லயும் பார்ன்ஸ் அண்ட் நோபிள்ல க்ரைட்டீரியன் பாதி விலைக்கு வரும், அப்ப வாங்கி வச்சிடு, பணம் ஒங்க அண்ணங்கிட்ட குடுத்துடுதேன். கூட ஒரு ப்ளேயர். ப்ளேயர் செய்யுறத ஓப்போ 2018-ல நிறுத்திட்டான், சாம்சங் 2019-ல நிறுத்திட்டான், எங்கிட்ட இருக்கது மக்கர் பண்ண ஆரம்பிச்சிட்டு, இனிமே நாள் போவப் போவ கெடைக்காது. அமெரிக்க டிஸ்க்கு ஏ ரீஜன், நமக்கு சி, ஒரு ரீஜன் டிஸ்க்க இன்னொரு ரீஜன் ப்ளேயர் படிக்காது, அதனால எல்லா ரீஜனும் படிக்கிற ப்ளேயராப் பாத்து வாங்கு. பின்னால 100-240 வோல்ட்னு போட்டிருக்கான்னு பாரு, 120 மட்டும் போட்டிருந்தா வேண்டாம், நம்ம கரண்டுல போட்ட ஒடனே பொகஞ்சிடும்.

அத்தைக்கு நீ அனுப்புன ஸ்வெட்டர் ரொம்பப் புடிச்சிருக்கு, இந்த வெக்கையிலயும் போட்டுக் காட்டுதாவ. வார தேதி முடிவானதும் மொதல்ல அவுகளுக்குப் போன் போடு, அப்புறமா எனக்கு.

இப்படிக்கு,
ஒன் மாப்ள
திருநெல்வேலி டவுண்