சால்ம் மாளிகையைப் பற்றி

அன்பு மகளுக்கு,

பாரிசில் ஓர்சே அருங்காட்சியகத்துக்குப் போய்வந்ததாக எழுதியிருந்தாய். அதற்கு எதிரே, உயரம் குறைந்த ஒரு கல் மாளிகை நிற்பதைக் கவனித்தாயா அம்மா? லெஜியன் ஆஃப் ஹானர் என்னும் பிரான்சின் உயரிய விருது அமைப்பின் தலைமையகமாக இன்று விளங்கும் அதை, சால்ம்-கிர்பர்க் என்னும் சிறிய ஜெர்மானியச் சிற்றரசின் இளவரசர் மூன்றாம் ஃபிரெடெரிக்குக்காக, 1782 முதல் 1787 வரை பியேர் ரூசோ என்ற கட்டடக் கலைஞர் கட்டினார். தெருப்பக்கம் ரோமானிய வெற்றி வளைவு போன்ற வாயிலும் தூண் வரிசை சூழ்ந்த முற்றமும்; சேன் நதியின் பக்கம் அரைவட்டமாக முன்தள்ளிய குவிமாடக் கூடம். எனக்கு நதிப்பக்கமே அழகு.

அப்போது அமெரிக்கத் தூதராகப் பாரிசில் இருந்த தாமஸ் ஜெஃபர்சன், அதைப் பார்ப்பதற்காகவே ஏறக்குறைய நாள்தோறும் நதியின் எதிர்க்கரையிலுள்ள துயிலரி தோட்டத்துக்குச் சென்று, நாற்காலி கிடைக்காமல் கைப்பிடிச் சுவரில் அமர்ந்து, கழுத்து வலிக்கும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்ததாக 1787-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

கட்டுவித்த இளவரசருக்கோ அந்த வீட்டில் நெடுநாள் வாழக் கொடுத்துவைக்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்தவராயிருந்தும் 1794 ஜூலை 23 அன்று கில்லட்டினில் அவர் தலை வெட்டப்பட்டது. நான்கே நாளில், அந்தக் கொலைக்களத்தை நடத்திய புரட்சித் தலைவர் ரோபெஸ்பியரின் ஆட்சி கவிழ்ந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. பின்னர் மாளிகை கைமாறியது. 1797-இல் பெஞ்சமின் கான்ஸ்டன்ட் போன்ற குடியரசு ஆதரவாளர்களின் அரசியல் மன்றம் அங்கே கூடியது. 1802-இல் நெப்போலியன் நிறுவிய லெஜியன் ஆஃப் ஹானர் 1804-இல் அதை வாங்கியது. அன்றுமுதல் முடியாட்சி, குடியரசு, பேரரசு என்று எத்தனை மாறியும் உரிமை மட்டும் மாறவில்லை.

ஆனால் 1871 மே மாதம், பாரிஸ் கம்யூன் என்ற நகரப் புரட்சி அரசின் இறுதி வாரத்தில், தீ வைக்கப்பட்டு மாளிகை உள்ளே முற்றிலும் எரிந்தது. அதை மீண்டும் எழுப்பியது விருது பெற்றவர்கள் தாமாக முன்வந்து திரட்டித் தந்த பணம். இளவரசர் ஒருவர் தமக்கென்று கட்டிய வீட்டை, அதில் ஓர் அறைகூடச் சொந்தமில்லாதவர்கள் காப்பாற்றினார்கள் என்பதற்காகவே இந்த மாளிகைமீது எனக்குத் தனிப் பிரியம்.

அடுத்த முறை செங்கோர் நடைபாலத்தைக் கடந்து துயிலரி கரையிலிருந்து முதலில் பார். பிறகு திரும்பி வந்து, 1925 முதல் அங்கே இயங்கும் அருங்காட்சியகத்துக்குள் போ. நதிப்பக்கமா, முற்றமா, எது உனக்குப் பிடித்தது என்று எழுது.

அன்புடன்,
அப்பா